தானே ஆறிவிடும் புண்

நெய்வேலி நகரியத்தின் எல்லை முடிந்து, பண்ருட்டியிலிருந்து வடலூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டி விரிந்து கிடக்கும் வடக்குத்து, இந்திரா நகர் முதலிய பகுதிகளைப் பார்த்தவர்களுக்கு, ஒரு பெரும் தொழில் நிறுவனத்தின் நிழலில் ஊர் எவ்வாறு வளர்கிறது என்பதை விஸ்தாரமாகச் சொல்ல வேண்டியதில்லை. 1956ஆம் ஆண்டில் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றிய பிறகு, நிரந்தர ஊழியர்களுக்கு நகரியத்தின் உள்ளே வீடும் பள்ளியும் வைத்தியசாலையும் ஒழுங்காக அமைந்தன. ஒப்பந்தத் தொழிலாளரும், கடை வைத்துப் பிழைப்பவரும், வண்டி ஓட்டுகிறவரும், அறை எடுத்துத் தங்கும் வெளியூர் இளைஞரும் வெளியே குடியேறினர். இத்தகைய ஊரில் உடம்புக்கு ஏதேனும் வந்தால் பலருக்கும் முதலில் நினைவு வருவது டாக்டர் அல்ல, மெடிக்கல் ஷாப். அதிலும் மறைவிடத்தில் வந்த புண் என்றால், கடையில் கூட்டம் குறையும் வரையில் எதிர்ப்புறம் நின்று காத்திருந்து, பிறகு மெல்ல அருகே சென்று, அரிப்பே இல்லாத புண்ணை அரிப்பென்று சொல்லி, ஓர் ஆயின்மென்ட் வாங்கிச் செல்பவர்கள் எந்த ஊரிலும் உண்டு. வாங்கியதை மூன்று வாரம் தடவுகிறார்கள், புண்ணும் ஆறிவிடுகிறது, ஆயின்மென்டுக்கு நல்ல பெயர் உண்டாகிறது.

அந்தப் பெயருக்கு ஆயின்மென்ட் பாத்தியப்பட்டதன்று. தடவினாலும் தடவாவிட்டாலும், வேப்பிலை அரைத்துப் பூசினாலும், குலதெய்வத்துக்கு வேண்டிக்கொண்டாலும், ஒன்றுமே செய்யாமல் இருந்துவிட்டாலும், சிபிலிஸ் என்னும் நோயின் முதற்புண் மூன்று முதல் ஆறு வாரங்களுக்குள் தானே ஆறிவிடும். மருந்தில்லாமல் ஆறும் புண்ணைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை என்பது மனித சுபாவம்; அந்தச் சுபாவத்தை நம்பியே இந்த நோய் ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக ஜீவித்து வருகிறது. நம்முடைய பாட்டனார் காலத்தில் இதனைக் கிரந்தி என்றும் மேகப்புண் என்றும் பறங்கிப்புண் என்றும் சொன்னார்கள். ஆனால் மேகம் என்ற ஒரு சொல்லுக்குள் வெள்ளைப்படுதல் முதல் நீர்க்கடுப்பு வரையில் எத்தனையோ உபாதைகளை அடக்கிவிடும் வழக்கமும் இருந்ததால், எது எந்த நோய் என்று பிரித்தறிவது அக்காலத்தில் எளிதாக இருக்கவில்லை.

இன்று பிரித்தறிய முடியும். டிரெபோனீமா பாலிடம் என்ற கிருமி, திருகுச் சுருள் வடிவமானது, மிக மெல்லியது, சாதாரண மைக்ராஸ்கோப்பில் கண்ணுக்குப் புலப்படாதது. நோயுள்ளவருடைய புண் மற்றொருவருடைய உடலில் உராயும்போது, தோலில் அல்லது சவ்வில் உள்ள நுண்ணிய கீறல் வழியாக அது உள்ளே நுழைகிறது. ஆணும் பெண்ணும் சேர்வதாலும், ஆணும் ஆணும் சேர்வதாலும், வாய் வழியான புணர்ச்சியாலும் அது பரவும். நுழைந்த நாளிலிருந்து பத்து முதல் தொண்ணூறு நாட்களுக்குள், பெரும்பாலும் மூன்று வாரத்தில், நுழைந்த இடத்தில் ஒரு புண் தோன்றும். அதன் விளிம்பு கெட்டியாக இருக்கும்; அடி சுத்தமாக இருக்கும்; சீழ் இராது; முக்கியமாக, வலி இராது. ஆணுக்குக் குறியின் மேல் வந்தால் அவன் கண்ணில் படும். முன்தோலின் அடியிலோ ஆசனவாயிலோ வந்தால் படாமலும் போகலாம். பெண்ணுக்கு யோனியின் உட்புறத்திலோ கருப்பையின் வாயிலோ வந்துவிட்டால், அவள் தனக்குப் புண் வந்ததையும் அறியாள், ஆறியதையும் அறியாள். உதட்டிலும் நாக்கிலும்கூட வருவதுண்டு.

புண் ஆறிய சில வாரங்களிலோ சில மாதங்களிலோ இரண்டாம் கட்டம் வரும். அப்போது கிருமி ரத்தத்தில் கலந்து சரீரம் முழுவதும் பரவியிருக்கும். மார்பிலும் முதுகிலும் செந்நிறத் தடிப்புகள், லேசான ஜுரம், தொண்டைக் கரகரப்பு, கழுத்திலும் தொடையிடுக்கிலும் நெறிகட்டுதல், தலைமயிர் அங்கங்கே திட்டுத் திட்டாக உதிர்தல், மறைவிடத்தில் ஈரமான தட்டையான மருக்கள் ஆகிய இவற்றில் சில தோன்றலாம், எல்லாம் தோன்ற வேண்டுமென்பதில்லை. ஆனால் ஓர் அடையாளத்தை மட்டும் வாசகர்கள் மனத்தில் பதித்துக்கொள்வது நல்லது: உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் அரிப்பில்லாத தடிப்பு. உள்ளங்கையில் தடிப்பு வரும் நோய்கள் அதிகமில்லை. கத்திரி வெயில் காலத்தில் இது வந்தால் சூடு என்பார்கள்; சிமென்ட் கலக்குகிறவருக்கு வந்தால் சிமென்ட் ஒத்துக்கொள்ளவில்லை என்பார்கள்; தேர்ந்த வைத்தியர்களே அலர்ஜி என்று நினைத்து மாத்திரை எழுதிக் கொடுத்துவிடுவதும் உண்டு. இதுவும், மாத்திரையின் தயவில்லாமலே, சில வாரங்களில் மறைந்துவிடும்.

அதற்குப் பிறகு மௌனம். நெய்வேலிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், நிலக்கரிப் படுகைக்குக் கீழே பெரும் அழுத்தத்தோடு ஊற்றுநீர் அடைபட்டிருக்கிறது. மேலே நிற்பவன் காலடியில் மண் உலர்ந்து கிடந்தாலும், இரவு பகலாக இறைத்துக்கொண்டிராவிட்டால் அந்த நீர் சுரங்கத்தின் தரையைப் பிளந்துகொண்டு வந்துவிடும். மறைநிலையில் உள்ள சிபிலிஸும் அத்தகையதே. வெளியில் ஓர் அடையாளமும் இராது. உழைக்கலாம், உண்ணலாம், உறங்கலாம். ரத்தப் பரிசோதனை ஒன்றைத் தவிர வேறெதுவும் அதனைக் காட்டிக்கொடுக்காது. சிகிச்சை பெறாதவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு, பத்து, இருபது, முப்பது ஆண்டுகள் கழித்து, இருதயத்திலிருந்து புறப்படும் மகா தமனி வீங்குதல், மூளையும் முதுகுத் தண்டும் கெடுதல், எலும்பிலும் தோலிலும் கட்டிகள் உண்டாதல் என்று மூன்றாம் கட்டம் வெளிப்படும். ஆயினும் கண்ணையும் காதையும் நரம்பையும் தாக்குவதற்கு இக்கிருமி முப்பது ஆண்டு காத்திருக்க வேண்டிய அவசியமில்லை. எந்தக் கட்டத்திலும் தாக்கலாம். தடிப்போடு கூடப் பார்வை மங்கினாலோ, காதில் இரைச்சல் தோன்றினாலோ, ஒரு நாளும் தாமதிக்கலாகாது.

இந்நோயின் சரித்திரம் விசித்திரமானது. 1495இல் பிரெஞ்சு மன்னன் எட்டாம் சார்லஸின் படை நேப்பிள்ஸ் நகரைப் பிடித்தபோது ஐரோப்பாவில் இது பெருவாரியாகப் பரவியது. இத்தாலியர் இதைப் பிரெஞ்சுக்காரர் நோய் என்றனர். பிரெஞ்சுக்காரர் நேப்பிள்ஸ் நோய் என்றனர். 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக் கரையில் இறங்கினார். அடுத்த நூற்றாண்டில் பாவமிச்ரர் இயற்றிய ‘பாவப்பிரகாசம்’ என்னும் ஆயுர்வேத நூலில் பிரங்க ரோகம், அதாவது பறங்கியர் நோய், என்ற பெயரில் இது இடம்பெற்றுவிட்டது. அயலானின் தலையில் பழியைக் கட்டும் பழக்கம் எந்தத் தேசத்துக்கும் தனிச்சொத்தன்று. இதற்கு மருந்தாகச் சீனத்திலிருந்து வந்த கிழங்கே இன்றும் நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும் பறங்கிப்பட்டை. பாதரசமும் கொடுத்தார்கள், நோயைவிட மருந்துக்கு அஞ்சியவர்கள் அதிகம். 1905இல் பெர்லினில் ஷாடின், ஹாஃப்மன் என்ற இருவர் கிருமியைக் கண்டனர்; மறு ஆண்டே வாஸர்மன் ரத்தப் பரிசோதனையைக் கண்டார்; பால் எர்லிக்கும் ஜப்பானியரான ஹாட்டாவும் ஆர்செனிக் கலந்த 606ஆம் எண் மருந்தை உருவாக்கினர். 1943இல் அமெரிக்காவில் ஜான் மஹோனி பெனிசிலின் ஊசியால் இதனைக் குணப்படுத்திக் காட்டினார். அத்துடன் இந்நோயின் ஆதிக்கம் நியாயமாக முடிந்திருக்க வேண்டும். இந்தியாவிலேயே பெனிசிலின் செய்வதற்கென்று புனா அருகில் பிம்பிரியில் அரசாங்கத் தொழிற்சாலை ஒன்று 1954இல், நெய்வேலி நிறுவனத்துக்கு இரண்டாண்டு முன்னதாக, நிறுவப்பட்டது.

மருந்து இருந்தும் நோய் ஒழியவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2022ஆம் ஆண்டில் மட்டும், 15 வயது முதல் 49 வயது வரையுள்ளவர்களில் 80 லட்சம் பேருக்கு இந்நோய் புதிதாகத் தொற்றியது. காரணம் வைத்திய சாஸ்திரத்தின் குறையன்று. யாரைப் பரிசோதிப்பது என்ற கேள்விக்கு மனிதர் வெகுகாலம் தவறான விடையைக் கொண்டிருந்தனர் என்பதே என் அபிப்பிராயம்.

வெள்ளையர் ஆட்சி 1868இல் தொற்றுநோய்ச் சட்டம் என்று ஒன்றை இயற்றிற்று. சென்னை முதலிய நகரங்களில் விலைமாதர் எனக் கருதப்பட்ட பெண்களைப் பதிவு செய்து, பலவந்தமாகப் பரிசோதித்து, நோய் இருப்பதாகத் தோன்றினால் அதற்கென்றே அமைந்த வைத்தியசாலையில் அடைத்து வைத்தார்கள். அப்பெண்களிடம் வந்துபோன ஆண்களை அச்சட்டம் தொடவில்லை. பெண்கள் பதிவுக்கு அஞ்சி ஒளிந்தனர். நோயும் அவர்களுடன் ஒளிந்தது. இருபது ஆண்டில், 1888இல், சட்டத்தையே ரத்து செய்ய நேர்ந்தது. இச்சட்டம் பிறப்பதற்கு ஏறக்குறைய ஓராண்டு முன்பு, 1867 மே மாதத்தில், வடக்குத்திலிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள வடலூரில், இராமலிங்க அடிகள் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். பசித்து வந்தவனிடம் சாதியையும் சமயத்தையும் நடத்தையையும் விசாரியாமல் இலை போடுவது அங்கே விதி. நோயைக் கண்டுபிடிப்பதற்கும் அந்த விதியே உகந்தது என்பதை வைத்திய உலகம் பிற்காலத்தில் அனுபவத்தால் கற்றது. லாரி ஓட்டுநரையும் வடநாட்டுத் தொழிலாளரையும் சுட்டிக்காட்டி, “அவர்களால்தான் வருகிறது” என்று இன்று பேசுவோர், 1868ஆம் ஆண்டுச் சட்டத்தையே தம்மை அறியாமல் மறுபடி இயற்றுகிறார்கள்.

விசாரியாமல் செய்யும் பரிசோதனைக்குச் சிறந்த திருஷ்டாந்தம் கர்ப்பிணிகளுக்குச் செய்யப்படுவது. கிராம சுகாதார செவிலியரிடம் பெயர் பதிந்து, தாய் சேய் நல அட்டை வாங்கிக்கொண்டு, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு முதன்முறையாக வரும் ஒவ்வொரு பெண்ணுக்கும், ஹீமோகுளோபின், சர்க்கரை, எச்.ஐ.வி. ஆகியவற்றோடு சிபிலிஸுக்கும் ரத்தம் பார்க்க வேண்டும் என்பது ஏற்பாடு. அதிகாரியின் மனைவிக்கும் அதுவே. ஒப்பந்தத் தொழிலாளியின் மனைவிக்கும் அதுவே. “எனக்கு எதற்கு இந்தப் பரிசோதனை?” என்று எந்தப் பெண்ணும் மனம் நோக வேண்டியதில்லை, ஏனெனில் அடுத்த நாற்காலியில் இருப்பவளுக்கும் அதே ஊசிதான். இதனால் கிடைக்கும் லாபம் சாமானியமானதன்று. நோயுள்ள தாயின் கிருமி நஞ்சுக்கொடி வழியாகச் சிசுவை அடைகிறது; சிகிச்சை இல்லாவிடில் கரு சிதையலாம், குழந்தை செத்துப் பிறக்கலாம், குறைமாதத்தில் பிறக்கலாம்; பிறக்கும்போது ஆரோக்கியமாகத் தோன்றிய குழந்தைக்கே சில வாரங்களில் மூக்கொழுகலும் தடிப்பும் ஈரல் வீக்கமும் தோன்றலாம்; வளர வளரப் பல்லும் எலும்பும் செவியும் கெடலாம். 2022இல் உலகம் முழுவதும் ஏழு லட்சம் சிசுக்கள் இவ்விதம் தாக்குண்டதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. பிரசவத்துக்குக் குறைந்தது முப்பது நாட்களுக்கு முன்பாவது தாய்க்குப் பெனிசிலின் ஊசி போட்டிருந்தால், இவற்றில் ஏறக்குறைய எல்லாவற்றையும் தடுத்திருக்கலாம். ஆகையால் வளைகாப்புக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று முதற்பரிசோதனையைத் தள்ளிப்போடுவது பெரிய தவறு.

இது சாத்தியமா என்று ஐயுறுவோர் கடலுக்கு அப்பால் பார்க்கலாம். இலங்கையில் கர்ப்பிணிகள் எல்லாருக்கும் ரத்தம் பார்க்கும் வழக்கம் பல தலைமுறைகளாக ஊன்றியிருந்ததன் பயனாக, தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிஸும் பரவுவதை ஒழித்த நாடு என்ற அங்கீகாரத்தை உலக சுகாதார நிறுவனம் 2019இல் அதற்கு அளித்தது. செல்வம் மிகுந்த அமெரிக்காவில் அதே ஆண்டுகளில் நோயோடு பிறக்கும் குழந்தைகளின் தொகை ஏறிக்கொண்டே போயிற்று. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் யுத்தத்தால் சிதைந்த கிராமங்களில் செய்ய முடிந்தது நமக்கு முடியாததன்று.

கர்ப்பிணிகளுக்குத் தானாக நடப்பது மற்றவர்களுக்குக் கேட்டுப் பெற வேண்டியதாக இருக்கிறது. ரத்ததானம் செய்பவரின் ரத்தத்தில் இது கட்டாயம் பார்க்கப்படுகிறது. ஆனால் தனக்கு நோய் இருக்குமோ என்று சந்தேகிப்பவர், அதை அறிந்துகொள்வதற்காக ரத்ததானம் செய்யப்போவது பிறர் உயிரோடு விளையாடுவதாகும். அரசு மருத்துவமனைகளில் பால்வினை நோய்களுக்கென்று சுகவாழ்வு மையம் என்ற பெயரிலும், எச்.ஐ.வி. பரிசோதனைக்கென்று நம்பிக்கை மையம் என்ற பெயரிலும் தனியிடங்கள் உண்டு. அங்கே ஆலோசனையும் பரிசோதனையும் கட்டணமில்லாதவை, சொன்னது வெளியே போகாது. உள்ளூரில் அறிந்தவர் கண்ணில் பட நேரும் என்று லஜ்ஜைப்படுபவர் கடலூருக்கோ விழுப்புரத்துக்கோ போகலாம். அதனால் ஒரு நஷ்டமுமில்லை. 1097 என்ற எண்ணுக்குக் கட்டணமின்றித் தொலைபேசியில் பேசி, எங்கே போவது என்று கேட்டுக்கொள்ளவும் முடியும்.

பரிசோதனைச் சீட்டைப் படிக்கத் தெரியாமல் பயந்தவர்களும், அதைவிட மோசமாகப் பயப்படாமல் இருந்துவிட்டவர்களும் உண்டாகையால், இதைச் சற்று விவரிக்க வேண்டும். பரிசோதனைகள் இரண்டு ஜாதி. வி.டி.ஆர்.எல்., ஆர்.பி.ஆர். என்பவை முதல் ஜாதி. கிருமியால் சிதையும் செல்களிலிருந்து வெளிப்படும் கொழுப்புப் பொருளுக்கு எதிராக ரத்தத்தில் தோன்றும் சக்தியை இவை அளக்கின்றன. டி.பி.எச்.ஏ.யும், விரல் நுனியில் ஒரு துளி ரத்தம் எடுத்து இருபது நிமிடத்துக்குள் முடிவு சொல்லும் அட்டைப் பரிசோதனையும் இரண்டாம் ஜாதி. இவை கிருமிக்கே எதிரான சக்தியைக் காட்டுகின்றன. முதல் ஜாதி, மலேரியா, குஷ்டம், லூபஸ் முதலிய வேறு காரணங்களாலும், சில சமயம் வெறும் கர்ப்பத்தாலும் முதுமையாலும், பாசிட்டிவ் என்று பொய்யாகச் சொல்லிவிடலாம். இரண்டாம் ஜாதி பெரும்பாலும் பொய் சொல்லாது; ஆனால் நோய் குணமான பிறகும் பலருக்கு ஆயுள் முழுவதும் பாசிட்டிவாகவே நிற்கும். ஆகவே ஒன்றை மற்றொன்றால் சரிபார்த்தே வைத்தியர் முடிவுக்கு வருவார். முதல் ஜாதிப் பரிசோதனையில் 1:8, 1:32 என்று எழுதப்படும் எண்ணுக்கு முக்கியத்துவம் அதிகம். சிகிச்சைக்குப் பிறகு 32 என்பது 8 ஆகக் குறைந்தால், அதாவது நான்கு மடங்கு இறங்கினால், மருந்து வேலை செய்தது என்று பொருள். தொற்றிய முதல் சில வாரங்களில் இரண்டுமே நெகட்டிவ் என்று வரலாம். புண் கண்ணெதிரே இருக்கும்போது சீட்டை நம்பி வீட்டுக்குப் போய்விடாமல், வைத்தியர் சொன்ன நாளில் மறுபடி ரத்தம் கொடுக்க வேண்டும். எச்.ஐ.வி.க்கும் கூடவே பார்த்துக்கொள்வது அவசியம், ஏனெனில் சிபிலிஸ் புண் அந்தக் கிருமிக்குத் திறந்துவைத்த கதவு. இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பதை 1986இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி டாக்டர் நிர்மலாவும் கண்டுபிடித்த நாள் முதல், இவ்விரண்டு நோய்களையும் பிரித்துப் பேசுவதில் அர்த்தமில்லாமல் போயிற்று.

சிகிச்சையைப் பற்றிச் சொல்வதற்கு அதிகமில்லை, அவ்வளவு எளிது. நோய் தொற்றி அதிக காலமாகாதவர்களுக்கு பென்சதீன் பெனிசிலின் 24 லட்சம் யூனிட், பெரும்பாலும் இரண்டாகப் பகுத்து இரு புட்டங்களிலும், ஒரே ஒரு முறை. வெகுநாளானவர்களுக்கும், எப்போது தொற்றியதென்று தெரியாதவர்களுக்கும், வாரத்துக்கு ஒன்றாக மூன்று வாரம். நரம்பைத் தாக்கியிருந்தால் மருத்துவமனையில் தங்கி ரத்தக்குழாய் வழியே மருந்து ஏற்றிக்கொள்ள வேண்டும். ஊசி வலிக்கும். அன்றிரவே ஜுரமும் உடல்வலியும் வந்தால் மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று பதற வேண்டாம். கிருமிகள் கூட்டமாக மடிவதால் வருவது அது, ஒரு நாளில் தணியும். மூச்சு முட்டுவதும் முகம் வீங்குவதும் வேறு. அவை ஒவ்வாமையின் அடையாளம், உடனே சொல்ல வேண்டும். பெனிசிலின் ஒவ்வாதவர்களுக்கு டாக்சிசைக்ளின் மாத்திரை உண்டு, கர்ப்பிணிகளுக்கு மட்டும் அது ஆகாது. இந்த எளிய ஊசி வந்த பிறகும் அதை வேண்டுமென்றே கொடுக்காமல், அமெரிக்காவில் டஸ்கீகி என்ற ஊரில் 399 ஏழைக் கறுப்பர்களின் உடலில் நோய் எப்படி முற்றுகிறது என்று 1932 முதல் 1972 வரையில் அரசாங்க வைத்தியர்களே வேடிக்கை பார்த்தார்கள் என்பதைப் படிக்கும்போது, மறைத்து வைப்பது நோயாளி மட்டுமல்ல என்று தெரிகிறது.

இதற்குத் தடுப்பூசி கிடையாது. ஆணுறை பெரிதும் காக்கும். ஆனால் உறை மூடாத இடத்தில் புண் இருந்தால் காக்காது. வாய்வழிப் புணர்ச்சிக்கும் அது தேவை என்பதைப் பலர் அறியார். பொதுக் கழிப்பறையாலோ, ஒரே தட்டில் உண்பதாலோ, துணியாலோ, குளத்தில் குளிப்பதாலோ இது வராது. ‘பஸ் ஸ்டாண்டு பாத்ரூமில் ஒட்டிக்கொண்டது’ என்பது வீட்டில் சொல்லும் சமாதானமாக இருக்கலாம், வைத்தியரிடம் சொன்னால் சிகிச்சைக்கு இடைஞ்சலாகும். ஒரு முறை வந்து குணமானவருக்கு மறுமுறை வராதென்பதும் பொய்.

மறுமுறை வருவதற்குப் பெரும்பாலும் காரணம், ஒருவர் மட்டும் ஊசி போட்டுக்கொண்டு மற்றவருக்குச் சொல்லாமல் விடுவது. கர்ப்பகாலப் பரிசோதனையில் மனைவிக்குப் பாசிட்டிவ் என்று வந்தவுடன், யார் கொண்டுவந்தது என்ற கேள்வி மாமியார் வரையில் போய்விடுகிறது. அந்தக் கேள்விக்கு ரத்தத்தில் பதில் கிடையாது. பரிசோதனைச் சீட்டின் எண்ணைப் பார்த்து எந்த ஆண்டு தொற்றியது, யாரிடமிருந்து யாருக்கு என்று சொல்லவல்ல வைத்தியர் உலகத்தில் இல்லை. கல்யாணத்துக்கு முன்பே தொற்றி மௌனமாக இருந்திருக்கவும் கூடும். செய்யத்தக்கது, கணவனும் அன்றே வந்து ரத்தம் கொடுத்து, வைத்தியர் சொன்னால் அவனும் ஊசி போட்டுக்கொள்வது. ஊசி போட்டு ஏழு நாளாகி, புண்ணும் தடிப்பும் மறையும் வரை இருவரும் சேராதிருப்பது. மூன்றாம் மாதம், ஆறாம் மாதம், பன்னிரண்டாம் மாதம் என்று திரும்ப வந்து, அந்த எண் இறங்குகிறதா என்று பார்த்துக்கொள்வது. பிறந்த குழந்தையையும் அதே மருத்துவமனையில் காட்டி, தாயின் சீட்டைக் குழந்தை டாக்டரிடம் மறைக்காமல் நீட்ட வேண்டும்.